ஓபி அடிக்கும் கடைப்பையன்களும் கார்ப்பரேட் கடைகளும்: ‘கிளர்க்ஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படம் இது?

1994-இல் வெளிவந்த ‘கிளர்க்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம். எழுதி இயக்கியவர் கெவின் ஸ்மித். நியூ ஜெர்சி மாநிலத்தில் லியோனார்டோ என்ற சிற்றூரில் குவிக் ஸ்டாப் என்று ஒரு சின்னக் கடை. பால், ரொட்டி, சிகரெட், காபி, செய்தித்தாள் எல்லாம் அங்கே கிடைக்கும். அதை ஒட்டினாற்போல் ஆர்எஸ்டி வீடியோ என்று ஒரு கேசட் வாடகைக் கடை. முதல் கடையில் டான்டே, இரண்டாவதில் ராண்டல். இருவருக்கும் 22 வயது, இருவருக்கும் வேலையில் பிடிப்பில்லை. இவர்களுடைய ஒரே ஒரு நாள்தான் படம்.

இதற்குப் பிறகு 2000-இல் ஒரு கார்ட்டூன் தொடரும், 2006-இலும் 2022-இலும் அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. சின்னக் கடைக்கும் கார்ப்பரேட் கடைக்கும் நடக்கும் சண்டை முதல் படத்தில் ஓரமாகத்தான் எட்டிப் பார்க்கிறது. போகப் போக அதுவே கதையாகிவிடுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டான்டேவுக்கு அன்று விடுமுறை. விடிகாலையில் முதலாளி போன் செய்கிறார். இன்னொரு பையனுக்கு உடம்பு சரியில்லை, நீ போய்க் கடையைத் திற, பன்னிரண்டு மணிக்கு நான் வந்து உன்னை அனுப்பிவிடுகிறேன் என்கிறார். டான்டே போனால் ஷட்டர் பூட்டுக்குள் யாரோ சூயிங் கம்மைத் திணித்துவைத்திருக்கிறார்கள். ஷட்டரைத் தூக்க முடியவில்லை. ஒரு பெரிய துணியில் ஷூ பாலிஷைத் தொட்டு ‘சத்தியமாகக் கடை திறந்திருக்கிறது’ என்கிற மாதிரி எழுதி வெளியே கட்டுகிறான்.

பன்னிரண்டு மணி ஆகிறது, முதலாளியைக் காணோம். விசாரித்தால் ஆள் வெர்மான்ட் மாநிலத்துக்கே போய்விட்டார். அப்புறம் ராத்திரி வரைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகிறது. காதலியோடு சண்டை, பழைய காதலியின் கல்யாணச் செய்தி, கடையைப் பூட்டிவிட்டு மொட்டைமாடியில் ஹாக்கி, மறுபடி பூட்டிவிட்டு ஒரு சாவு வீடு. நாலு வயதுக் குழந்தைக்கு ராண்டல் சிகரெட் விற்றதற்கு டான்டே தலையில் 500 டாலர் அபராதம். ‘இன்றைக்கு நான் வேலைக்கே வந்திருக்க வேண்டியதில்லை’ என்று படம் முழுக்கப் புலம்புகிறான்.

சின்னக் கடை நல்லது, பெரிய கடை கெட்டது என்று சொல்கிற படமா?

அப்படி எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். குவிக் ஸ்டாப் முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர். கடைப்பையன்கள் வாடிக்கையாளரை மதிப்பதே இல்லை. வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் முட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து, தரையில் பரப்பி உட்கார்ந்து, குறையே இல்லாத ஒரு டஜனைத் தேடுகிறார். மாணவர்களுக்கு எதிர்காலத்தைப் பற்றி ஆலோசனை சொல்வதுதான் அந்த மனிதருக்கு வேலையாம். அந்த வேலையில் இருந்தால் யாருக்கும் மண்டை குழம்பத்தான் செய்யும் என்று கடையில் நிற்கும் ஒரு பெண் விளக்கம் கொடுக்கிறாள்.

இத்தனைக்கும் நடுவில் சின்னக் கடையில் ஒரு வசதி உண்டு. அங்கே ஓபி அடிக்கலாம். டான்டே கல்லாவை விட்டுவிட்டுக் கவுன்ட்டருக்குப் பின்னால் தரையில் காதலியோடு உட்கார்ந்து கதை பேசுகிறான். மேலே ஒரு அட்டை வைத்திருக்கிறான்: காசை வைத்துவிட்டு, மீதிச் சில்லறையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நேர்மையாக நடந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து காசை வைத்துச் சில்லறையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஐந்தாறு கேமரா, சீருடை, ஷிப்ட் மேனேஜர் என்று இயங்கும் கார்ப்பரேட் கடையில் இந்தக் காட்சிக்கு இடமே கிடையாது.

என் கணக்கில் இந்த வகைப் படங்கள் காப்பாற்றத் துடிப்பது கடையை அல்ல, இந்த இடைவெளியைத்தான். சம்பளம் குறைவு, மரியாதை இல்லை, முன்னேற்றம் இல்லை. ஆனால் மனிதன் அசடாகவும் வாயாடியாகவும் சோம்பேறியாகவும் ஒரு முழு நாளைக் கழிக்க அங்கே விட்டுவிடுகிறார்கள். டான்டே இதற்குக் கூச்சப்படுகிறான், ராண்டல் படுவதில்லை. அவர்களுடைய சண்டையே அதுதான். கடைசியில் ராண்டல் கடைக்குள்ளேயே டான்டேவை வெளுத்து வாங்குகிறான். யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய வேலையைச் செய்துகொண்டு, இந்தக் கடையே உன் தலையில்தான் நிற்கிறது என்று ஏன் நடிக்கிறாய் என்கிறான். கசப்பான பேச்சுதான், ஆனாலும் உண்மை.

நம்ம ஊர் மளிகைக் கடையைப் போல நினைத்துக்கொள்ளலாமா?

ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. நம்ம ஊர் அண்ணாச்சி கடையில் பெரும்பாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே முதலாளி. அதனால் கடை அவருடைய மானம், மரியாதை எல்லாம். குவிக் ஸ்டாப்பில் முதலாளி கண்ணிலேயே படுவதில்லை. பையனுக்குக் கடைமேல் எந்தப் பாத்தியதையும் இல்லை. ‘நம்ம கடை’ என்று அவன் சொல்ல ஆரம்பிக்கிற இடத்துக்குக் கதை வந்துசேர இரண்டாம் பாகம் வரை, அதாவது பன்னிரண்டு வருடம் ஆகிறது.

முதல் படத்தில் பெரிய நிறுவனம் என்று எதுவுமே வராதா?

வரும், அதுவும் வேஷம் கட்டிக்கொண்டு. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் கடைக்குள் வந்து காபி குடித்துக்கொண்டு நிற்கிறார். சிகரெட் வாங்க வருபவர்களிடம் புகையின் கேட்டைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். நோயுற்ற நுரையீரலைக் காட்டுகிறார். கூட்டம் சேர்கிறது, குரல் ஏறுகிறது. புற்றுநோயை விற்கிறவன் என்று டான்டே மீது சிகரெட்டுகளை வீசி அடிக்கிறார்கள். அந்த நேரம் காதலி வெரோனிகா தீயணைப்பானை எடுத்துக் கூட்டத்தின் மேல் பீய்ச்சுகிறாள். பிறகு பார்த்தால் அந்தச் சமூக சேவகர் ஒரு சூயிங் கம் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. சிகரெட்டை விடுங்கள், எங்கள் சரக்கை மெல்லுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு புரட்சியும்.

முழுப் படத்திலும் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து நிமிடம் இது. கம்பெனி ஒரு கூட்டத்தை எப்படித் திரட்டும், நியாயத்தின் மொழியை எப்படி இரவல் வாங்கும் என்பதைக் காட்ட அதற்குப் போதுமானது ஒரு கவுன்ட்டரும் பத்துப் பேரும்தான். காலையில் பூட்டை அடைத்ததும் சூயிங் கம்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம்.

அந்த வீடியோ கடைக்காரனே வேறு வீடியோ கடைக்குப் போவது உண்மையா?

உண்மை. ராண்டல் தன் கடையைப் பூட்டிவிட்டு, டான்டேவின் காரை வாங்கிக்கொண்டு, பிக் சாய்ஸ் என்ற பெரிய வீடியோ கடைக்குப் போய் ஒரு படம் எடுத்துவருகிறான். நீயே வீடியோ கடையில்தானே வேலை பார்க்கிறாய் என்று டான்டே கேட்க, நான் வேலை பார்ப்பது ஒரு மட்டமான கடை, எனக்கு நல்ல கடையில் நல்ல படம் வேண்டும் என்கிறான். சின்ன வியாபாரத்தைக் காப்பாற்றுங்கள் என்று மேடை போட்டுப் பேசும் யாரும் எழுதத் துணியாத காட்சி. அதே ஆள் தன் கடை வாசலில் காத்து நிற்பவர்களை மணிக்கணக்கில் காயவைக்கிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரை போடுகிறவர் வருகிற காட்சியை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

ராண்டலும் டான்டேவும் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1983-இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதில் வில்லன் சாம்ராஜ்யத்தின் விண்வெளிக் கோட்டையான டெத் ஸ்டாரை, பாதி கட்டிய நிலையில் இருக்கும் இரண்டாவதை, நல்லவர்கள் தகர்ப்பார்கள். முதல் டெத் ஸ்டாரில் செத்தவர்கள் சாம்ராஜ்யத்தின் படையாட்கள், சரி. இரண்டாவதில் வேலை நடந்துகொண்டிருந்ததே, அங்கே பிளம்பரும் கூரை வேலைக்காரரும் இருந்திருப்பார்களே, வயிற்றுப்பாட்டுக்கு வந்த அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்கிறான் ராண்டல்.

பக்கத்தில் நிற்கும் ஒரு வாடிக்கையாளர் குறுக்கிடுகிறார். அவர் கூரை போடும் ஒப்பந்தக்காரர். ஒரு ரவுடி வீட்டு வேலை வந்தது, நல்ல பணம், யார் வீடு என்று தெரிந்ததும் வேண்டாம் என்று நண்பரிடம் தள்ளிவிட்டேன், வேலை நடக்கும்போது எதிர்க் கும்பல் வந்து சுட்டதில் நண்பர் போய்விட்டார் என்கிறார். யாருக்கு வேலை செய்கிறோம் என்பதைத் தெரிந்துதான் ஒப்பந்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். சாம்ராஜ்யமும் கூலி வேலையும் சந்திக்கிற இடத்தை இவ்வளவு சிரிப்போடு வேறு யாரும் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

எவ்வளவு செலவில் எடுத்தார்கள்?

27,575 டாலர். 1993-ஆம் ஆண்டு மதிப்பில் சுமார் எட்டரை லட்சம் ரூபாய். ஸ்மித் அப்போது அதே குவிக் ஸ்டாப்பில் உண்மையாகவே கடைப்பையனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வான்கூவரில் ஒரு சினிமாப் பள்ளியில் சேர்ந்து, பாதியிலேயே விலகி, மிச்சக் கட்டணத்தைப் படத்துக்காக ஒதுக்கிவைத்தவர். அங்கே பழக்கமான ஸ்காட் மோசியர் தயாரிப்பாளர் ஆனார், டேவிட் கிளைன் ஒளிப்பதிவாளர் ஆனார். பணத்துக்கு வழி: கைக்குக் கிடைத்த கிரெடிட் கார்டுகள், ஆசையாகச் சேர்த்துவைத்திருந்த காமிக்ஸ் புத்தகங்களை விற்ற காசு, வெள்ளத்தில் போன காருக்கு வந்த இன்சூரன்ஸ் தொகை.

படமெடுக்கலாம் என்ற தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், தன் 21-ஆவது பிறந்தநாளில் நியூயார்க் போய் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘ஸ்லாக்கர்’ படத்தைப் பார்த்ததிலிருந்து. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வேலைவெட்டி இல்லாதவர்களின் பேச்சை மட்டும் வைத்து எடுக்கப்பட்ட படம் அது. இதுவும் ஒரு படமென்றால் நானும் எடுப்பேன் என்று தோன்றியதாக ஸ்மித் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஷட்டர் ஏன் கடைசி வரை திறப்பதில்லை? ஏன் கறுப்பு வெள்ளை?

பகலில் கடை வியாபாரம் பார்க்க வேண்டும். ஆகவே முதலாளி அனுமதித்தபடி ராத்திரி கடை மூடிய பிறகு விடியும் வரை படப்பிடிப்பு. கதையோ பகலில் நடக்கிறது. வெளியே இருட்டு தெரியக் கூடாது. அதற்காகத்தான் பூட்டில் சூயிங் கம் கதை. கறுப்பு வெள்ளைக்குக் காரணம் முக்கியமாகக் காசுதான். கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் வண்ணப் படம் எடுத்தால் நிறத்தைச் சரிக்கட்டத் தனிச் செலவு. 16 எம்எம் பிலிமில் மூன்று வாரத்தில் முடித்தார்கள். இயக்குநர் பகலில் கல்லா, ராத்திரியில் கேமரா என்று இருந்தார்.

நடிப்பு கொஞ்சம் விறைப்புதான், அதையும் சொல்லிவிட வேண்டும். டான்டேவாக வரும் பிரையன் ஓஹாலரன் பல இடங்களில் வசனத்தை மனப்பாடம் ஒப்பிக்கிறார். ராண்டலாக வரும் ஜெஃப் ஆண்டர்சன் அலட்சியமாக நின்றே படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார். கடை வாசலில் போதைப்பொருள் விற்கும் ஜேயாக ஸ்மித்தின் நண்பர் ஜேசன் மியூஸ், பக்கத்தில் வாயே திறக்காமல் நிற்கும் சைலன்ட் பாபாக ஸ்மித்தே.

இப்படி எடுத்த படம் மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இங்கேதான் கதை வேடிக்கையாகிறது. 1994 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் மிராமாக்ஸ் என்ற பட விநியோக நிறுவனம் படத்தை வாங்கியது. மிராமாக்ஸ் அதற்கு முந்தைய வருடம்தான் டிஸ்னியின் கைக்குப் போயிருந்தது. ஆக, கடைப்பையன் கடன் அட்டையில் எடுத்த படம், மிக்கி மவுஸ் கம்பெனியின் துணை நிறுவனம் வழியாக உலகத்துக்கு வந்தது. படத்தில் வரும் ராக் பாடல்களுக்கு உரிமை வாங்க ஆன செலவு, படம் எடுக்க ஆன செலவைவிட அதிகம். கான் விழாவிலும் பரிசு கிடைத்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் முப்பது லட்சம் டாலருக்கும் மேல் வசூல். 2019-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்த்தார்கள்.

தணிக்கையில் என்ன பிரச்சினை?

முதலில் கிடைத்தது என்சி-17, அதாவது 17 வயதுக்கு உட்பட்ட யாரும் பார்க்கவே முடியாத சான்றிதழ். அதுவும் பேச்சுக்காக மட்டும். ஒரு தாயும் குழந்தையும் முன்னால் நிற்க, ராண்டல் போனில் நீலப்படத் தலைப்புகளை வரிசையாக வாசித்து ஆர்டர் கொடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மிராமாக்ஸ், ஆலன் டெர்ஷோவிட்ஸ் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞரை வைத்து மேல்முறையீடு செய்தது. ஒரு வெட்டும் இல்லாமல் ஆர் சான்றிதழாக, அதாவது பெரியவர் துணையோடு சிறுவர்களும் பார்க்கக்கூடியதாக மாறியது.

இது வெறும் மான அவமானப் பிரச்சினை இல்லை. பிளாக்பஸ்டர் என்ற மாபெரும் வீடியோ கடைச் சங்கிலி என்சி-17 படங்களைக் கடையில் வைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தது. இந்த மாதிரிப் படத்துக்கு உண்மையான பார்வையாளர்கள் கிடைப்பதே கேசட்டில்தான். அந்தச் சங்கிலியில் இடமில்லை என்றால் படம் பாதி செத்த மாதிரி. சின்ன வீடியோ கடையைப் பற்றிய படத்தின் தலைவிதியைப் பெரிய வீடியோ கடையின் விதிமுறைதான் தீர்மானித்தது.

நிஜத்தில் பிளாக்பஸ்டர் சின்னக் கடைகளை எப்படி வீழ்த்தியது?

1985-இல் டாலஸ் நகரில் ஒரே கடையாகத் தொடங்கியது. ‘கிளர்க்ஸ்’ வந்த 1994-இல் வயாகாம் என்ற ஊடக நிறுவனம் அதை 840 கோடி டாலருக்கு வாங்கியது. இடம் பெரிது, வெளிச்சம் அதிகம், குடும்பத்தோடு போகலாம் என்பதெல்லாம் மேலோட்டமான காரணங்கள். ஆழமான காரணம் சரக்குக் கணக்கு.

அந்தக் காலத்தில் வாடகைக்கு விடும் புதுப்படக் கேசட் ஒன்றின் விலை பல நேரம் 60, 70 டாலருக்கு மேல். சின்னக் கடைக்காரர் பணத்தைப் போட்டு ஒன்றோ இரண்டோ வாங்குவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் மூன்றாவது ஆளுக்கு ‘வெளியே போயிருக்கு, நாளைக்கு வாங்க’ என்ற பதில்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பிளாக்பஸ்டர், ஸ்டுடியோக்களோடு வருமானப் பங்கு ஒப்பந்தம் போட்டது. கேசட்டுக்கு முன்பணம் சில டாலர்கள்தான், வாடகையில் வருவதில் ஒரு பங்கு ஸ்டுடியோவுக்கு. ஒரே புதுப்படத்தை அலமாரி முழுக்க அடுக்கிவைத்தார்கள். எப்போது போனாலும் படம் கிடைக்கும். தனிக்கடைக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், டெக்சாஸ் நீதிமன்றத்தில் 2002-இல் அது தள்ளுபடியானது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2004 வாக்கில் 9,000-க்கும் மேற்பட்ட கடைகள். தபாலில் டிவிடி, பிறகு இணையம் என்று நெட்ஃபிளிக்ஸ் வளர, 2010-இல் பிளாக்பஸ்டர் திவால். கடைசியாக மிஞ்சியது ஓரிகான் மாநிலத்தின் பெண்ட் ஊரில் ஒரே ஒரு கடை. பிளாக்பஸ்டர் பெயரில் உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சின்னக் கடைதான் அது! ஊர் ஊராகச் சின்னக் கடைகளை மூடவைத்த பெயர்ப்பலகை இப்போது ஒரு சின்னக் கடையின் வாசலில் தொங்குகிறது. பார்ப்பதற்கென்றே மக்கள் தேடிப் போகிறார்கள்.

கார்ட்டூன் தொடர் பார்க்கத் தகுந்ததா?

கட்டாயம். கார்ப்பரேட் கடை நேரடி வில்லனாக வருவது இதில்தான். லியோனார்டோ லியோனார்டோ என்ற கோடீஸ்வரர் குவிக் ஸ்டாப்புக்கு எதிரிலேயே ‘குவிக்கர் ஸ்டாப்’ என்று ஒரு பிரம்மாண்டக் கடையைக் கட்டுகிறார். குரல் கொடுத்தவர் அலெக் பால்ட்வின். அந்தப் பெயர் ஒன்றே போதும், எல்லாச் சங்கிலிக் கடைகளின் விளம்பரத்தையும் கேலி செய்துவிடுகிறது.

தொடருக்கு நேர்ந்த கதியும் கேலிதான். ஏபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது, அதுவும் டிஸ்னிக்குச் சொந்தம். ஆறு பகுதிகள் தயார். முதலில் போட்டது நான்காவது பகுதி. அடுத்தது இரண்டாவது பகுதி. அந்த இரண்டாவது பகுதியின் நகைச்சுவையே, முதல் பகுதியில் நடந்ததை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது. முதல் பகுதியையே பார்க்காதவர்களுக்கு என்ன புரியும்? இரண்டோடு நிறுத்திவிட்டார்கள். ஆறையும் பார்க்க ரசிகர்கள் வீடியோ வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் பாகத்தில் என்ன ஆகிறது?

காலையில் டான்டே ஷட்டரைத் தூக்கினால் உள்ளே கடை எரிகிறது. ராண்டல் காபி பாத்திரத்தை அணைக்காமல் போய்விட்டான். கறுப்பு வெள்ளையாக இருந்த படம் அந்த நெருப்பிலிருந்து வண்ணத்துக்கு மாறுகிறது. பிறகு இருவருக்கும் மூபீஸ் என்ற துரித உணவுச் சங்கிலியில் வேலை. சீருடை, தலையில் தொப்பி, மாட்டுச் சின்னம். மூபி மாடு ஸ்மித்தின் 1999 படமான ‘டாக்மா’விலேயே வந்துவிட்டது. பைபிளில் மக்கள் கும்பிட்ட பொற்கன்றுதான் அதன் மூலம். படப்பிடிப்பு நடந்தது கலிஃபோர்னியாவில் மூடிக்கிடந்த ஒரு பர்கர் கிங் கடையில். செலவு இந்த முறை 50 லட்சம் டாலர்.

டான்டேவுக்கு 33 வயது. ஃபுளோரிடா போய் வருங்கால மாமனார் தரும் கார் கழுவும் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு செட்டிலாகிவிடலாம் என்று கிளம்பும் நாள். மூபீஸில் மேனேஜராக வரும் ரொசாரியோ டாசனைப் பார்த்தால், அவன் ஏன் தயங்குகிறான் என்பது சொல்லாமலே விளங்கும். ராண்டல் உடைந்துபோய்ப் பேசும் காட்சிக்குப் பிறகு, இருவரும் எரிந்த குவிக் ஸ்டாப்பைத் தாங்களே வாங்கி நடத்த முடிவெடுக்கிறார்கள். பணம் கொடுப்பது ஜேயும் சைலன்ட் பாபும். ஒரே நிபந்தனைதான்: கடை வாசலில் எப்போதும் போல நாங்கள் நிற்போம். எந்த வங்கியும் போடாத ஒப்பந்தம்.

நடுவில் கழுதை சம்பந்தப்பட்ட ஒரு காட்சி வரும். அதற்கு நான் பொறுப்பில்லை.

மூன்றாம் பாகம்? (முடிவைச் சொல்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள்)

2018-இல் ஸ்மித்துக்கு நிஜமாகவே மாரடைப்பு வந்து பிழைத்தார். அதையே ராண்டலுக்குக் கொடுத்தார். பிழைத்த ராண்டல், கடையில் கழிந்த தன் வாழ்க்கையைப் படமாக எடுக்கக் கிளம்புகிறான், அதாவது ‘கிளர்க்ஸ்’ படத்தையே. கடைசியில் இறந்துபோவது டான்டே. 1993-இல் எடுத்த முதல் படத்துக்கும் இதே மாதிரி ஒரு முடிவு இருந்தது. கடை மூடும் நேரத்தில் ஒரு திருடன் வந்து டான்டேவைச் சுட்டுவிட்டுக் கல்லாவைச் சுருட்டிக்கொண்டு போவான். படத்தைப் பார்த்த சினிமாத் துறைப் பெரியவர்கள் வேண்டாம் என்றதால் வெட்டினார்கள். நல்ல வேளை. நாள் முழுக்க ஓபி அடித்தவனுக்கு மரண தண்டனையா?

படமாக மூன்றாம் பாகம் ஏற்ற இறக்கம் நிறைந்தது. நட்பைப் பற்றிய இடங்களில் கண் கலங்கும், பழைய காட்சிகளைத் திரும்பச் செய்யும் இடங்களில் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள்.

இதே மாதிரி வேறு படங்கள்?

‘எம்பயர் ரெக்கார்ட்ஸ்’ (1995) எல்லோரும் சொல்வது. தனி இசைத்தட்டுக் கடை ஒன்றை மியூசிக் டவுன் என்ற சங்கிலி விழுங்கப் பார்க்கிறது. கடைப்பிள்ளைகள் கச்சேரி வைத்துக் காசு திரட்டிக் காப்பாற்றுகிறார்கள். திரையரங்கில் படுத்துவிட்டது, கேசட்டில் பிழைத்தது. திரைக்கதை எழுதிய கேரல் ஹெய்க்கினன் வேலை பார்த்த அனுபவம் தனிக்கடையில் கிடைத்ததல்ல. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் டவர் ரெக்கார்ட்ஸ் என்ற சங்கிலிக் கடையில் கிடைத்தது. டவர் 2006-இல் அமெரிக்கக் கடைகளை மூடியது. படம் ‘கிளர்க்ஸ்’ அளவுக்குக் கூர்மை இல்லை, பாட்டு நன்றாக இருக்கும்.

‘பீ கைண்ட் ரீவைண்ட்’ (2008), மிஷேல் கோன்ட்ரி இயக்கியது. இதுவும் நியூ ஜெர்சிதான், பசெய்க் நகரம். பழைய கேசட் கடையில் எல்லாக் கேசட்டும் அழிந்துபோக, பையன்கள் படங்களைத் தாங்களே நடித்து எடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். கடைக்கார முதியவர் பெரிய சங்கிலிக் கடைக்கு ஒற்றன் போலப் போய், படத்தின் வகை குறைவு, ஒரே படத்தில் பிரதிகள் நிறைய என்று குறிப்பெடுக்கும் காட்சி உண்டு. மேலே சொன்ன பிளாக்பஸ்டர் கணக்கு அதுதான்.

குவிக் ஸ்டாப் இப்போது இருக்கிறதா?

இருக்கிறது, வியாபாரமும் நடக்கிறது. லியோனார்டோவுக்குப் போகும் ரசிகர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். போகிறவர்கள் ஏதாவது ஒன்று வாங்கிவிட்டு வருவது மரியாதை.

ஸ்மித்தும் கடைக்காரர்தான். 1997-இல் பக்கத்து ரெட் பேங்க் ஊரில் ஒரு காமிக்ஸ் கடை வைத்தார். 2022-இல் நண்பர்களோடு சேர்ந்து அட்லான்டிக் ஹைலண்ட்ஸில் ஒரு பழைய திரையரங்கை வாங்கினார். இன்னொரு பக்கம், கிண்டலுக்காக உருவாக்கிய மூபீஸ் பெயரிலேயே 2020 முதல் ஊர் ஊராகத் தற்காலிக பர்கர் கடைகளும் போட்டார்கள். ரசிகர்கள் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதல் படம், கார்ட்டூன், இரண்டாம் பாகம். மூன்றாவதற்கு அவசரமில்லை. உங்களுக்கும் நாற்பது தாண்டியிருந்தால் அது அதிகம் பிடிக்கலாம்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். முதல் பத்து நிமிடத்திலேயே ரிமோட்டைத் தேடுவீர்கள். பெண்களைப் பற்றிய சில கேலிகள் இன்று இன்னும் சங்கடமாகத்தான் இருக்கின்றன, வசவுக்கோ கணக்கே இல்லை. கார்ட்டூனைப் பதின்வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம். ‘பீ கைண்ட் ரீவைண்ட்’ என்றால் பாட்டியையும் கூப்பிடலாம்.